மேகம் கண்ட பின் கணக்கு

மரக்காணம் உப்பளத்தில் யாரும் “மழை வருமா?” என்று மொட்டையாகக் கேட்பதில்லை. “கொண்டல் அடிக்குதே, வருமா?” என்பார்கள். “நேத்து ராத்திரி கெழக்கால மின்னுச்சே, வருமா?” என்பார்கள். கேள்வியின் முதல் பாதியில் ஒரு செய்தி இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் மறுபாதியைக் கேட்கிறார்கள்.

மேல்நிலை வகுப்புக் கணக்குப் புத்தகம் இதைச் சார்புநிலை நிகழ்தகவு என்கிறது. ஒன்று நடந்துவிட்டது என்று தெரிந்த பின், இன்னொன்று நடக்க வாய்ப்பு எவ்வளவு? புத்தகத்தில் சிவப்புப் பந்தும் கறுப்புப் பந்தும் பையில் கிடக்கும். முதலில் எடுத்த பந்து சிவப்பு என்றால் அடுத்ததும் சிவப்பாக இருக்க என்ன வாய்ப்பு என்று கேட்பார்கள். மரக்காணத்துப் பிள்ளைகளுக்குப் பந்தை விட்டுவிட்டுப் பாத்தியைச் சொல்லியிருக்கலாம்.

*

பிரம்மதேசம் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது. இங்கே ஏரி நிரம்ப வேண்டும். மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, விதைப்பு மழை வேண்டும், அறுவடையில் மட்டும் வேண்டாம். பஸ்ஸில் கிழக்கே போகப் போக மண் வெளுக்கிறது. கழுவெளியின் தட்டையான நிலம் வருகிறது. மழைக்காலத்தில் நன்னீர் சேர்ந்து, பிறகு கழிமுகம் வழியாகக் கடல் உள்ளே வந்து, கோடையில் உவர்ந்துபோகும் நீர்நிலை அது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதைத் தாண்டினால் அளம்.

ஒரே சாலைதான். அதன் ஒரு முனையில் மழைக்கு வேண்டிக்கொள்கிறார்கள், மறுமுனையில் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறார்கள். வேண்டுதல்கள் நேரெதிர். ஆனால் வானத்தைப் பார்த்து இருவரும் போட வேண்டிய கணக்கு ஒன்றே என்பது எனக்குப் பல காலம் ஆச்சரியமாக இருந்தது.

*

கடல்நீரை அடர்த்தி அளக்கும் மானியில் பார்த்தால் சுமார் 3 டிகிரி காட்டும். வெயிலும் காற்றும் சேர்ந்து அதைப் பாத்தி பாத்தியாக வற்றவைத்து 24, 25க்குக் கொண்டுவரும்போதுதான் உப்பு இறங்கத் தொடங்கும். 30ஐ நெருங்கவிட்டால் கசப்பும் சேர்ந்துவிடும். ஆகவே அந்த நீரை வெளியேற்ற வேண்டும். பாத்தி மிதித்துத் தரையை இறுக்குவதும், வாய்க்காலைத் திருப்புவதும், டிகிரி பார்ப்பதும் இந்தச் சிறிய இடைவெளிக்காகத்தான்.

மழை அந்த எண்ணைக் கீழே தள்ளிவிடும். உடனே தள்ளுவதில்லை என்பதுதான் அழகு. அடர்ந்த உப்புநீரின் மேல் மழைநீர் லேசாக ஏறி நிற்கும், இரண்டும் சட்டென்று கலப்பதில்லை. காற்று இல்லாவிட்டால், மேலே நிற்பதை மட்டும் மடை திறந்து வடித்துவிட முடியும். காற்று அடித்தால் முடியாது. இங்கேயும் நிபந்தனை வந்துவிட்டது: மழை பெய்தால் எவ்வளவு நஷ்டம் என்பது, பெய்யும்போது காற்று இருந்ததா என்பதைப் பொறுத்தது. மழை அளவை மட்டும் வைத்து நஷ்டத்தைச் சொல்ல முடியாது.

அளத்தில் வேலை செய்யும் ஒரு அம்மா இதைக் கணக்கு என்றே நினைக்கவில்லை. “காத்து இல்லன்னா தப்பிச்சிரலாம் சார். காத்தோட வந்தா போச்சு.” இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு வாரு பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

*

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை வரும் என்கிறோம். எறும்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பேச்சு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். மழை பெய்த நாள்களை நினைத்துப் பார்த்து, “அன்னைக்கு எறும்பு ஏறுச்சே” என்று சொல்வது ஒரு வாய்ப்பு. எறும்பு ஏறிய நாள்களை எல்லாம் எண்ணி, அவற்றில் எத்தனை நாள் பெய்தது என்று பார்ப்பது வேறு வாய்ப்பு. முதலாவது தானாகவே நினைவில் தங்கிவிடும். இரண்டாவதற்கு நோட்டுப் போட்டு எழுத வேண்டும். எறும்பு ஏறியும் பெய்யாத நாள்களை மனம் சேமித்து வைப்பதில்லை.

கருமேகத்தை வைத்தே பார்க்கலாம். எண்கள் என் கற்பனை, கணக்கு மட்டும் நிஜம். பங்குனி, சித்திரையில் நூறு நாளில் இரண்டு நாள்தான் மழை என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு நாளுக்கும் முதல் நாள் மாலை வானம் கறுத்தது. மழை இல்லாத 98 நாளிலும் ஏறக்குறைய பத்து மாலை கறுத்தது. ஆக, கறுத்த மாலைகள் பன்னிரண்டு. அவற்றில் பெய்தது இரண்டு. பெய்த நாளில் எல்லாம் மேகம் இருந்தது. மேகம் இருந்தபோதோ ஆறில் ஒரு முறைதான் பெய்தது.

இப்போது அதே மேகத்தை ஐப்பசிக்குக் கொண்டுபோவோம். நூறு நாளில் ஐம்பது மழை. அந்த ஐம்பதில் 45 நாள் முன்கூட்டியே கறுத்தது. பெய்யாத ஐம்பதிலும் இருபது நாள் சும்மா கறுத்து ஏமாற்றியது. கறுத்தவை 65, பெய்தவை 45. பத்துக்கு ஏழு. இத்தனைக்கும் ஐப்பசி மேகம் பங்குனி மேகத்தைவிட அதிகம் ஏமாற்றுகிறது: பெய்யாத நாள்களில் அங்கே பத்தில் ஒன்று, இங்கே ஐந்தில் இரண்டு. இருந்தும் ஐப்பசி மேகத்தை நம்பலாம், பங்குனி மேகத்தை நம்ப வேண்டியதில்லை. வித்தியாசம் மேகத்தில் இல்லை, மாதத்தில் இருக்கிறது.

தாமஸ் பேயீஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் எழுதிவைத்துவிட்டு இறந்துபோக, அவருடைய நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் 1763இல் அச்சுக்குக் கொண்டுவந்த கட்டுரைதான் இந்தக் கணக்கின் வேர். மழைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மாதத்தை மறந்துவிட்டு மேகத்தை மட்டும் பார்க்காதே என்பதற்கு அதைவிடத் தெளிவான சூத்திரம் இல்லை.

*

1884இல் அமெரிக்க ராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவில் இருந்த ஜான் ஃபின்லி, சுழற்காற்று வருமா வராதா என்று பகுதி பகுதியாக அறிவிப்புச் செய்து பார்த்தார். மொத்தம் 2,803 அறிவிப்புகள். அவற்றில் 96.6 சதவீதம் சரி என்று அறிவித்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பிறகு ஒருவர் குறுக்கே கேட்டார், நிலவியலாளர் கில்பர்ட் என்பவர் இதை விரிவாகவே எழுதினார்: ஒவ்வொரு நாளும் கண்ணை மூடிக்கொண்டு “வராது” என்று சொல்லியிருந்தால்? 98.2 சதவீதம் சரியாக இருந்திருக்கும். சுழற்காற்று அவ்வளவு அபூர்வம். 2,803இல் 51 முறைதான் வந்தது.

ஃபின்லி “வரும்” என்று சொன்னது நூறு முறை. அவற்றில் வந்தது 28. வந்த 51இல் அவர் முன்கூட்டிச் சொன்னதும் அதே 28. ஒரே 28தான். நூறால் வகுத்தால், அவர் சொன்னால் நம்பலாமா என்பதற்குப் பதில். 51ஆல் வகுத்தால், வந்தால் சொல்லியிருப்பாரா என்பதற்குப் பதில். பத்திரிகைகளும் டீக்கடைகளும் வானிலை மையத்தைத் திட்டும்போது இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துத்தான் திட்டுகின்றன. ஒரு மழையைத் தவறவிட்டால் “சொல்லவே இல்லை” என்கிறோம். அந்தக் கோபத்துக்குப் பயந்து எல்லா நாளும் எச்சரித்தால் “சும்மா பயமுறுத்துறாங்க” என்கிறோம். ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும். ஃபின்லிமேல் எனக்குப் பரிவுதான். அபூர்வமான ஒன்றைப் பற்றி வாயைத் திறந்தவர் அவர். “வராது” என்றே சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எந்த ஆபத்திலும் மாட்டவில்லை.

*

நேற்று பெய்தது இன்றைக்குச் செய்தியா?

டெல் அவீவ் நகரத்தின் 27 ஆண்டு மழைக்காலப் பதிவுகளை எடுத்து, கேப்ரியல், நியூமன் என்ற இருவர் 1962இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதுவும் மழைக்கென்று சில மாதங்களை மட்டும் ஒதுக்கிவைத்திருக்கும் கடற்கரை ஊர்தான். நேற்று மழை என்றால் இன்றும் மழை பெய்ய வாய்ப்பு 0.662. நேற்று வறண்டிருந்தால் 0.250. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்தக் காலத்தில் ஏதேனும் ஒரு நாள் நனைய வாய்ப்பு சுமார் 0.43. அதாவது ஒன்றும் தெரியாதவன் 43 என்பான். நேற்றைய முற்றத்தைப் பார்த்தவன் 66 என்றோ 25 என்றோ சொல்வான். எந்தக் கருவியும் வேண்டாம், நேற்று துணி காய்ந்ததா என்று தெரிந்தால் போதும்.

நம் வடகிழக்குப் பருவமழையும் தனித்தனி நாளாகப் பெய்வதில்லை. கடலில் ஒரு தாழ்வுநிலை உருவாகும், நாலைந்து நாள் அடைத்துக்கொண்டு பெய்யும். பிறகு வெளிவாங்கி, வெயில் சுள்ளென்று அடிக்கும். “விட்டுச்சுன்னா நாலு நாளைக்கு வராது” என்று பிரம்மதேசத்தில் சொல்வது அந்த டெல் அவீவ் கட்டுரையின் நாட்டு வடிவம். நாலு என்பது பேச்சுவழக்கு, கருத்து சரி.

*

வானொலியில் “விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில்” என்று வரும். வானிலைத் துறையின் கணக்கில் அதற்கு வரையறை உண்டு: அந்தப் பரப்பில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசிக்கு மேற்படாமல். “சில இடங்களில்” என்றால் பாதிவரை, “பல இடங்களில்” என்றால் முக்கால்வரை, அதற்கும் மேலே “பெரும்பாலான இடங்களில்”. ஆகவே அறிவிப்பு முழுக்கப் பலித்தாலும்கூட என் பாத்தி நனைய வாய்ப்பு மிஞ்சிப்போனால் கால்வாசிதான். பலிக்கவே பத்தில் எட்டு வாய்ப்பு என்றால், என் பாத்திக்கு ஐந்தில் ஒன்று. பெருக்கல் அவ்வளவுதான். பிரம்மதேசத்தில் பெய்து மரக்காணத்தில் பொட்டுத் துளி விழாத நாளில் அறிவிப்பு பொய்யாகிவிடவில்லை.

*

ஃபெஞ்சல் புயலைப் பற்றி எழுதாமல் இந்தக் கரையில் இதை எழுத முடியாது.

2024 நவம்பர் 26ஆம் தேதி அது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஆனது. மறுநாள் புயலாகும் என்றார்கள். ஆகவில்லை. இலங்கைக் கரையை ஒட்டி ஊர்ந்துகொண்டே இருந்தது. புயலாகக் கரையேறாது, தாழ்வு மண்டலமாகவே கடந்துவிடும் என்று பிறகு சொன்னார்கள். 29ஆம் தேதி பிற்பகலில் அது புயலாகியேவிட்டது. 30ஆம் தேதி இரவு பத்தரை மணிக்கு மேல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது.

அந்த நாள்களில் டீக்கடையில் நடந்த கேலி இன்னும் காதில் இருக்கிறது. “மாத்தி மாத்திச் சொல்றாங்கப்பா.” மாற்றிச் சொன்னதை நான் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. 27ஆம் தேதி அது வலுக்கவில்லை என்பதும் ஒரு செய்திதான். அந்தச் செய்தி வந்த பிறகும் 26ஆம் தேதி சொன்ன வாய்ப்பையே சொல்லிக்கொண்டிருப்பவர்தான் கேலிக்கு உரியவர். 29ஆம் தேதி மேகக்கூட்டம் திரண்டு வந்ததும் எண் மறுபடி ஏற வேண்டியதே. ஒவ்வொரு செயற்கைக்கோள் படத்துக்கும் பிறகு நிபந்தனை மாறுகிறது, நிபந்தனை மாறினால் விடை மாறுகிறது.

என் வருத்தம் வேறு இடத்தில். நாம் எதை நிபந்தனையாக எடுத்துக்கொண்டோம்? காற்றின் வேகத்தை. 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் இதே மரக்காணத்துக்கு அருகில்தான் கரையேறியது. மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் காற்று, அதிதீவிரப் புயல். ஃபெஞ்சல் 70, 80 கிலோமீட்டர்தான். நிவரையே பார்த்தாயிற்று, இது என்ன பெரிசு என்று நினைத்தவர்கள் கணக்கில் பிழை செய்யவில்லை, தவறான தூணைப் பிடித்துக்கொண்டார்கள். நிவர் கரையேறி நகர்ந்து போனது. ஃபெஞ்சல் கரையேறி நின்றது. டிசம்பர் 1 பகல்வரை புதுச்சேரியைச் சுற்றியே கிடந்தது. மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 சென்டிமீட்டர். தமிழ்நாடு முழுவதற்கும் வடகிழக்குப் பருவமழையின் சராசரியே மூன்று மாதத்துக்கு 44 சென்டிமீட்டர்தான்.

புயல் வலுக்குறைந்தது என்று தெரிந்தால் காற்றுச் சேதம் குறையும் என்று எண்ணலாம். மழை குறையும் என்று எண்ண அதில் ஆதாரமே இல்லை. மழைக்கு உரிய நிபந்தனை நகரும் வேகம். கூரை, மரம், மின்கம்பம் இவற்றுக்கு ஒரு கேள்வி. ஏரிக்கரை, பாத்தி வரப்பு, தென்பெண்ணை ஆற்றங்கரை இவற்றுக்கு இன்னொரு கேள்வி. அந்தப் புயலின் மிச்சம் உள்ளே போய், திருவண்ணாமலையிலும் ஊத்தங்கரையிலும் கொட்டி, சாத்தனூர் அணையைத் திறக்கவைத்து, அந்தத் தண்ணீர் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கே வெள்ளமாகத் திரும்பியது. கடலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு மேற்கிலிருந்து தண்ணீர் வந்தது.

*

பெரிய நிபந்தனைகளும் உண்டு. பசிபிக்கில் எல் நினோ இருந்தால் தென்மேற்குப் பருவமழை குறையவும், நம் வடகிழக்குப் பருவமழை கூடவும் சாய்வு இருக்கிறது. 2015இல் வலுவான எல் நினோ. தமிழ்நாட்டில் 53 சதவீதம் கூடுதல், சென்னை மூழ்கியது. அடுத்த ஆண்டு எல் நினோ ஓய்ந்து பசிபிக் குளிர்ந்தது. 62 சதவீதம் பற்றாக்குறை. இரண்டு ஆண்டும் சொல்லிவைத்த மாதிரி நடந்தன.

2021இலும் பசிபிக் குளிர்ந்திருந்தது, லா நினா. விதிப்படி குறைய வேண்டும். ஐம்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகப் பெய்தது.

சாய்வு என்பது இதுதான். நூறு ஆண்டைப் பார்த்தால் தெரியும், ஓர் ஆண்டைப் பார்த்தால் காலைவாரும். 2021ஐக் காட்டி எல் நினோ கணக்கே பொய் என்பவரும், 2015ஐயும் 2016ஐயும் காட்டி அதுவே வேதம் என்பவரும் எனக்கு ஒரே ஆள்தான்.

*

2021 பிப்ரவரி 21. மாசி மாதம். அளத்தில் புது வருஷப் பாத்திகள் தயாராகும் நேரம், நாள்காட்டியில் மழைக்கு இடமே இல்லாத வாரம். அன்று புதுச்சேரியிலும் கடலூரிலும் கொட்டித் தீர்த்தது, தெருக்கள் மூழ்கின. 2022 மார்ச் முதல் வாரத்தில் நம் கரைக்கு நேரே கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று வந்து நின்றது. மார்ச்சில் அப்படி வருவது மிக அபூர்வம்.

பங்குனி, சித்திரையில் நூறு நாளுக்கு இரண்டு என்று நான் மேலே வைத்துக்கொண்டேனே, அந்த அடிப்படை எண்ணை எங்கிருந்து எடுப்பது? பழைய பதிவுகளிலிருந்து. சென்னையில் மழைப் பதிவு 1813 முதல் இருக்கிறது. ஆனால் பழைய கடல் வேறு வெப்பத்தில் இருந்தது. இரண்டு சம்பவங்களை வைத்து எண்ணை மாற்றிவிட முடியாது. மாற்றவே மாட்டேன் என்றும் அடம்பிடிக்க முடியாது. கொஞ்சம் நகர்த்த வேண்டும். எவ்வளவு கொஞ்சம் என்பதில்தான் படித்தவர்களும் சண்டை போடுகிறார்கள். அளத்துக்காரர் ஒருவர், தை முடிந்த பிறகும் தார்ப்பாயை மடித்து உள்ளே வைப்பதில்லை, குவியல் பக்கத்திலேயே போட்டுவைக்கிறார். அவர் நகர்த்திய அளவு அது.

*

வாய்ப்பு தெரிந்தால் மட்டும் என்ன செய்வது என்று தெரிந்துவிடாது. வரப்பில் ஒரு குவியல் உப்பு இருக்கிறது. நனைந்து கரைந்தால் இருபதாயிரம் ரூபாய் போகும் என்று வைத்துக்கொள்வோம். ஓலை, தார்ப்பாய், கூலி சேர்த்து மூடுவதற்கு இரண்டாயிரம். இரண்டாயிரத்தை இருபதாயிரத்தால் வகுத்தால் பத்து சதவீதம். மழை வாய்ப்பு பத்தைத் தாண்டினால் மூடிவிட வேண்டும். 15 சதவீதம் என்றால் பெரும்பாலும் மழை வராது. இருந்தும் மூடுவதுதான் சரி. வராமல் போனால் “காசு வீண்” என்று சொல்பவர் இருப்பார், அவர் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

பிரம்மதேசத்தில் மல்லாட்டை விதைக்கக் காத்திருப்பவருக்கு வகுத்தல் மாறும். விதையைப் போட்டு, மழை வராவிட்டால் விதையும் உழவுக் கூலியும் மண்ணோடு போகும். ஒரு வாரம் பொறுத்தால் அவ்வளவு இழப்பு இல்லை. அவருக்கு அறுபது, எழுபது சதவீதமாவது வேண்டும். ஆக, நாளைக்கு முப்பது சதவீதம் என்றால் அளத்தில் ஓலை ஏறும், இங்கே விதை மூட்டையிலேயே இருக்கும்.

இந்தக் கணக்கைப் போட ஓர் எண் வேண்டும். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகுமா என்பதற்கு டெல்லியில் தயாராகும் அறிக்கையில், குறைவு என்றால் 33 சதவீதம்வரை, மிதம் என்றால் 67வரை, அதற்கு மேல் அதிகம் என்று வரம்பு கட்டியே சொல்கிறார்கள். அன்றாட மழைக்குத் தமிழில் நம் கைக்கு வருவது இடங்களின் பெயரும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களும்தான். மஞ்சளை இருபதாயிரத்தோடு ஒப்பிட முடியாது. எண்ணைச் சொன்னால் மக்கள் குழம்புவார்கள் என்று யாராவது தயங்கினால், அவர்களை மரக்காணத்துக்கு ஒரு நாள் அழைத்துவர வேண்டும். 24க்கும் 25க்கும் வித்தியாசம் பார்த்து வயிறு வளர்க்கிறவர்கள் இவர்கள். இருபது என்றோ நாற்பது என்றோ சொல்லிவிட்டுப் போகட்டும், ஓலை போடுவதா வேண்டாமா என்பதை இவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.